தாயின் இரத்தமே சேயின் உணவு



சினைமுட்டை கருக்குழாயில் கருவாகி, சுமார் ஒரு வாரத்தில் கருப்பையில் பதிகிறது. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து கணக்கிட்டால், ஏறத்தாழ 280 நாளில் பிரசவம். அதுவரை குழந்தைக்கு வேண்டிய உணவும் பிராணவாயுவும் தாயின் இரத்தத்திலிருந்தே நஞ்சுக்கொடி வழியாகச் செல்கின்றன.

ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் அது இரத்தசோகை. அந்நிலையில் பிரசவ உதிரப்போக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுங்கள். அதோடு டீ குடிக்காதீர்கள்.

தனக்கோ குழந்தைக்கோ கேடு வருமென அஞ்சும் கர்ப்பிணி ரமலான் நோன்பை விட, மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. வீட்டுப் பெரியவர்கள் வற்புறுத்த வேண்டாம்.

உதிரப்போக்கு, கடும் தலைவலி, கண் மங்கல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும், கணவர் வரட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள். பென்னாகரம், அரூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து தருமபுரி அரசு மருத்துவமனைக்கு வர நேரமாகும்.

அல்லாஹ் தாயையும் சேயையும் காப்பானாக. ஆமீன்.