சட்டாம்பிள்ளை வேலைக்கு மனு

நிபோங் திபால் கடைத்தெருவில் அஸர் தொழுகைக்குப் பின் நம்மவர் நாலு பேர் கூடினால், பேச்சு சரக்கு விலையில் ஆரம்பித்துப் பிள்ளைகளின் படிப்பில் வந்து நிற்பது வழக்கம். அப்படி ஒரு மாலையில் எழுந்த வினாவே இப்பாடத்துக்குக் காரணம்.

மளிகைக் கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவரின் மகள் பல்கலைக் கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஆங்கிலத்தில் தடுமாறும் சக மாணாக்கருக்கு உதவி செய்ய மாணவ டியூட்டர்கள் தேவை என்ற அறிவிப்பைக் கண்டு, மனுச் செய்ய ஆசைப்பட்டிருக்கிறாள். ஆனால் மனுத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு பத்து நாளாக ஒரு வரி எழுதவில்லையாம். “வீட்டில் தமிழ், கடையில் மலாய். நான் எப்படி அத்தா இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்க மனுப் போடுவது?” என்கிறாளாம். தகப்பனாருக்கோ வேறு சந்தேகம். படிக்கப் போன பிள்ளை தன் படிப்பை விட்டு ஊரார் பிள்ளைக்குப் பாடம் சொல்வது நஷ்டக் கணக்கல்லவா என்று கேட்டார். இரண்டும் நியாயமான கேள்விகளே.

முதலாவதாக, இது நமக்குப் புதிய விஷயமன்று. நம் பாட்டன்மார் படித்த திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருப்பான். மூத்த மாணாக்கனாகிய அவன், வாத்தியார் சொன்னதைச் சிறுவர்களுக்குத் திருப்பிச் சொல்லிக் கொடுப்பான். 1789இல் சென்னை எழும்பூரில் இராணுவத்தாரின் ஆண் அநாதைப் பிள்ளைகளுக்கென ஏற்பட்ட விடுதிப் பள்ளிக்கு மேலதிகாரியாக ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் வந்தார். உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, தம் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் இணங்கவில்லை. ஆகவே, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே அரிச்சுவடி வகுப்புக்குப் பொறுப்பாக்கினார். வேலை நடந்தது. இம்முறையை விவரித்து 1797இல் லண்டனில் நூல் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது பல நாடுகளுக்கும் பரவிற்று. நம் திண்ணையில் நடந்தது சீமைக்குப் போய், இன்று ‘டியூட்டர்’ என்ற பெயரில் நம் வாசலுக்கே திரும்பி வந்திருக்கிறது!

மார்க்கத்திலும் இதற்கு முன்மாதிரி உண்டு. பத்ருப் போரில் (ஹிஜ்ரி 2, கி.பி. 624) சிறைப்பட்டவர்களில் மீட்புப் பொருள் கொடுக்க வகையற்ற, ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் கற்றுக் கொடுத்து விடுதலை பெற்ற வரலாற்றை யாவரும் அறிவோம். பிற சமூகத்தாரின் எழுத்தைக் கற்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் ஏவ, இளைஞராயிருந்த ஜைது இப்னு தாபித் (ரலி) அவர்கள் சில வாரங்களுக்குள் அதைக் கற்றுத் தேர்ந்ததும் ஹதீஸ் நூல்களில் உள்ளது. அந்நிய பாஷை கற்பது நம் தீனுக்கு விரோதம் என்று ஒரு காலத்தில் பேசியவர்கள் இவ்வரலாற்றை எப்படி மறந்தார்களோ, அறியேன்.

நிற்க. இக்காலத்து ஏற்பாட்டின் கதை 1970இல் நியூயார்க்கில் விரிகிறது. அந்நகரப் பல்கலைக் கழகம் பள்ளிப் படிப்பை முடித்த நகரத்துப் பிள்ளைகள் யாவருக்கும் கதவைத் திறந்துவிட்டது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் ஏராளமாய் வந்தனர். பலருக்குக் கட்டுரை எழுத வரவில்லை. ஆசிரியரிடம் போய் உதவி கேட்கவும் கூச்சம். ஆனால் அதே பிள்ளைகள் சக மாணாக்கன் சொன்னால் கேட்டுக்கொண்டனர். புரூக்ளின் கல்லூரியில் கென்னத் புரூஃபி என்ற பேராசிரியர் இதைக் கவனித்து, மாணவ டியூட்டர்களைப் பழக்கி அமர்த்தினார். ஆசிரியருக்குப் பயப்படும் பிள்ளை தோழனிடம் மனந்திறந்து பேசும் என்பதே இதிலுள்ள சூட்சுமம்.

நம் ஊருக்கு வருவோம். 1969இல் பினாங்கில் ஏற்பட்ட ஸயின்ஸ் மலேசியா பல்கலைக் கழகத்தின் பொறியியல் வளாகம் இன்று நம் நிபோங் திபாலிலேயே இருக்கிறது. பொறியியல் கற்க வருபவர்களிலும் கணக்கில் புலியாகவும் ஆங்கிலத்தில் எலியாகவும் இருப்பவர்கள் உண்டு. நம் பிள்ளைகள் எந்தக் கலாசாலையில் படித்தாலும், மொழிப் பிரிவிலோ மாணவர் நல அலுவலகத்திலோ நூலகத்திலோ இத்தகைய வேலை உண்டா என்று விசாரிக்கலாம். எல்லா இடத்திலும் ஒரே பெயரில் இராது.

மனுவோடு சாதாரணமாகக் கேட்பவை: பரீட்சை மதிப்பெண் பட்டியல், ஒரு விரிவுரையாளரின் சிபாரிசு, ஆங்கிலத் தேர்ச்சிக்கு அத்தாட்சி. கடைசியதற்கு இந்நாட்டில் பெரும்பாலும் முயெட் பரீட்சை. மலேசியப் பரீட்சை மன்றம் 1999 முதல் நடத்துவது. கேட்டல், பேசல், வாசித்தல், எழுதல் என்ற நான்கு தாள்கள். மேல் படி இப்போது ஐந்து கூட்டல். இந்த விவரம் போதும். மற்றவை தாளிலேயே அச்சிட்டிருக்கும்.

இனி, மனுக் கடிதம். தடுமாற்றமெல்லாம் இங்கேதான். “சிறு வயது முதல் எனக்கு ஆங்கிலத்தில் அளவற்ற ஆர்வம்” என்று தொடங்காத மனு அபூர்வம். அந்த வரியால் வேலை பெற்றவனும் அபூர்வம். வியாபாரிகளாகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேலை கேட்டு வரும் பையன் “நான் நாணயமானவன்” என்றால் நாம் காதில் போட்டுக்கொள்வதில்லை. “இன்னார் கடையில் மூன்று வருஷம் கல்லாவில் இருந்தேன், கேட்டுப் பாருங்கள்” என்றால் நிமிர்ந்து உட்காருகிறோம். மனுவும் அப்படியே. “சென்ற பருவத்தில் என் வகுப்புத் தோழிகள் இருவருக்கு ஆய்வுக்கூட அறிக்கை எழுத உதவினேன். இருவரும் நடந்து முடிந்ததை நிகழ்காலத்தில் எழுதினர். ஒவ்வொரு வினைச்சொல்லின் கீழும் கோடிட்டு, ‘இது எப்போது நடந்தது?’ என்று கேட்டேன். மூன்றாம் அறிக்கையில் அவர்களே திருத்திக்கொண்டனர்.” இவ்வளவுதான். இதில் பெருமை இல்லை, பொய் இல்லை, சரக்கு இருக்கிறது. செய்யாததைச் செய்ததாக எழுதக் கூடாது. நேர்முகத்தில் இரண்டாம் கேள்வியிலேயே அகப்பட்டுவிடும்.

“வீட்டில் தமிழ், கடையில் மலாய்” என்று அப்பெண் குறையாகச் சொன்னாளே, அதையே மனுவில் எழுதலாம் என்பேன். மலாயில் வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறுவதில்லை. ‘ஸாயா பெர்கி ஸெமாலாம்’ என்று நேற்றுப் போனதைச் சொல்கிறோம். ஆகவேதான் மலாய் பேசும் பிள்ளை ‘ஐ கோ யெஸ்டர்டே’ என்கிறது. மூன்று என்று எண்ணைச் சொல்லிவிட்டால் புத்தகத்தைப் பன்மையாக்கத் தேவையில்லை. ஆகவே ‘திரீ புக்’. தமிழில் ‘தி’ என்பதற்கு நேரான சொல்லே கிடையாது. ஆகவே நம் பிள்ளைகள் அதை வேண்டிய இடத்தில் விட்டுவிட்டு, வேண்டாத இடத்தில் தூவுகின்றனர். ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவன் “காதுக்குச் சரியாக இல்லை” என்பான். காரணம் கேட்டால் விழிப்பான். அந்தப் படிக்கட்டில் தானே வழுக்கி விழுந்து எழுந்தவளுக்குத்தான் எந்தப் படி வழுக்கும் என்று தெரியும்.

நேர்முகத்தில் பிழை மலிந்த கட்டுரை ஒன்றைக் கையில் கொடுத்து, “இவன் உன்னிடம் வந்தால் என்ன செய்வாய்?” என்று கேட்பதுண்டு. உடனே சிவப்பு மையை எடுத்து எல்லாப் பிழையையும் திருத்துகிறவர் பெரும்பாலும் தேறமாட்டார். முதலில் அவனையே உரக்க வாசிக்கச் சொல்ல வேண்டும். பாதிப் பிழை அவன் காதுக்கே பட்டுவிடும். பிறகு, “நீ சொல்ல வந்தது என்ன?” என்று கேட்க வேண்டும். கருத்துக் கோணலாயிருக்கையில் இலக்கணத்தைத் திருத்துவது, ஒழுகும் மூட்டைக்கு முத்திரை குத்துவது போல. அதன் பின்பே, அடிக்கடி வரும் இரண்டு பிழைகளை மட்டும் எடுத்துப் பேச வேண்டும். பேனா அவன் கையிலேயே இருக்கட்டும்.

இங்கே ஓர் ஆபத்தைச் சொல்லாமல் விட முடியாது. “ஐம்பது வெள்ளி தருகிறேன், நீயே எழுதிக் கொடு” என்று கேட்பவர் வருவார்கள். கையில் காசில்லாத மாணாக்கருக்கு ஐம்பது வெள்ளி சிறிய தொகையன்று. ஆனால் ஒருவன் எழுதியதை இன்னொருவன் பெயரில் கொடுப்பது, எடைக்கல்லைக் குடைந்து விற்பதற்குச் சமானம். கண்டுபிடித்தால் எழுதியவருக்கும் கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு, படிப்பே பறிபோகலாம். பிள்ளை முதல் நாள் வேலைக்குப் போகுமுன் தகப்பனார் சொல்ல வேண்டியது இதுவே.

நஷ்டக் கணக்கு என்றாரே, அதற்கு என் பதில்: ஊதியம் கொடுக்கும் இடத்திலும் அது பெரிதாயிராது, சில இடங்களில் சான்றிதழ் மட்டுமே. வாரத்துக்கு எத்தனை மணி நேரம், பரீட்சைக் காலத்தில் விலக்கு உண்டா என்று கையெழுத்திடுமுன் கேட்டுக்கொள்ள வேண்டும். சொந்த மதிப்பெண் சரிந்திருக்கும் பருவத்தில் மனுச் செய்ய வேண்டாம். மற்றபடி, ஒரு விதியைப் பிறருக்கு விளக்குகிறவனுக்கு அது மறப்பதில்லை. பெண் பிள்ளையாயிற்றே என்பவர்கள், வேலை நடக்கும் இடம் எது என்று விசாரிக்கட்டும்; பலர் பார்க்கும் நூலக மேஜையாயின் தயக்கத்துக்கு இடமில்லை.

இவற்றையெல்லாம் அந்தச் சகோதரரிடம் சொன்னேன். மனு சென்ற திங்கட்கிழமை போய்விட்டதாம். பதில் இன்னும் வரவில்லை. இதற்கிடையில், மொத்த வியாபாரிக்கு எழுத வேண்டிய ஆங்கிலக் கடிதம் ஒன்றை மகளிடம் நீட்டினாராம். அவள் எழுதித் தரவில்லை. பேனாவை அவர் கையிலேயே கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, “நீங்கள் அவருக்கு என்ன சொல்ல வேண்டும் அத்தா?” என்று கேட்டாளாம்.