வளரிளம் பருவத்தில் உடற்பருமன்: காரணம் அறிவோம்



குழந்தை கொழுகொழுவென்று இருந்தால் அதனை நலத்தின் அடையாளமாகக் கொள்வது நம் பழக்கம். 13 வயதுக்கு மேலும் அவ்வெண்ணமே தொடருமாயின் அது தீங்காய் முடியும். உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 5 முதல் 19 வயது வரையுள்ளோரில் 1990-ஆம் ஆண்டில் 100-க்கு 2 பேர் உடற்பருமன் உடையோராக இருந்தனர். 2022-ஆம் ஆண்டில் அது 100-க்கு 8 பேராக உயர்ந்து, ஏறத்தாழ 16 கோடியை எட்டியது. நம் நாட்டில் மெலிந்த பிள்ளைகளே இன்னும் மிகுதி எனினும், பருத்தோர் தொகையும் பெருகி வருகிறது.

"நம் வீட்டில் ஊன் உணவே இல்லை, நமக்கு இக்கவலை வேண்டா" என்று நம்மவர் சிலர் கருதுகின்றனர். இக்கருத்துப் பொருந்தாது. புலால் மறுத்தல் அறம். ஆயினும் அது மட்டுமே உடலைக் காத்துவிடாது. உருளைக்கிழங்கை விலக்கும் இல்லத்தில் வாழைக்காய் வறுவல் இடம் பெறுகிறது. காய் மாறியதே தவிர, எண்ணெய் மாறவில்லை.

பருமனுக்குரிய காரணங்களை இனி ஒவ்வொன்றாகக் காண்போம்.

1. உணவு: ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி உண்டு. 300 மில்லி லிட்டர் இனிப்புக் குளிர்பானத்தில் சுமார் 30 கிராம் சர்க்கரை, அதாவது 6 அல்லது 7 தேக்கரண்டி, கரைந்திருக்கும். நாள் முழுவதற்கும் 25 கிராம் அளவில் சேர்க்கும் சர்க்கரையை நிறுத்திக்கொள்வது நன்று என்பர் வல்லுநர். பானமாகப் பருகும் சர்க்கரை, மென்று உண்ணும் உணவைப் போல் பசியைத் தணிப்பதில்லை. எனவே பருகிய பின்னும் பிள்ளை வழக்கம்போல் உண்கிறது.

2. உறக்கம்: இதனைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. 13 முதல் 18 வயது வரையுள்ளோர்க்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேரத் துயில் வேண்டும். துயில் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு மிகுந்து, போதுமென உணர்த்தும் சுரப்புக் குறைவதாக ஆய்வுகள் கண்டுள்ளன. தேர்வுக்கெனக் கண்விழிக்கும் பிள்ளை நொறுக்குத்தீனியை நாடுவது வெறும் நாச்சுவையால் அன்று.

3. அசைவின்மை: 5 முதல் 17 வயது வரை நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் உடலை நன்கு இயக்க வேண்டும். விளையாட்டு வேளையைக் கணக்குப் பாடத்திற்குக் கொடுத்துவிடும் பள்ளியும், மாலையைத் தனிப்பயிற்சி வகுப்புக்குக் கொடுத்துவிடும் இல்லமும், எஞ்சிய நேரத்தைக் கவரும் கைப்பேசியும் சேர்ந்து அந்த 60 நிமிடத்தைப் பறித்துவிடுகின்றன.

4. மரபும் பருவமும்: பெற்றோரின் உடல்வாகு பிள்ளைகளுக்கும் வரக்கூடும். பூப்பெய்தும் காலத்தில் பெண்மக்கள் சற்றுப் பூரித்தல் இயற்கையே. அதனை நோயெனக் கொள்ளலாகாது. ஆனால் கழுத்தின் பின்புறத்தில் தோல் கறுத்துத் தடித்தல், உரத்த குறட்டை, நெடுநாள் சீர்படாத மாதவிலக்கு ஆகியவற்றைக் கண்டால் மருத்துவரை அணுக வேண்டும். அக்கருமையை அழுக்கென்று எண்ணித் தேய்க்கும் தாய்மார் உண்டு. அது இன்சுலின் தன் வேலையைச் சரிவரச் செய்ய இயலாமையின் அறிகுறியாக இருக்கலாம்.

இக்காரணங்களுள் பிள்ளை தானே தேர்ந்துகொண்டவை மிகச் சில. ஆதலின் "குண்டு" என்று கேலி பேசுதல் முறையன்று. எடையைச் சுட்டி இகழப்பட்ட பிள்ளைகள் மறைவில் மிகுதியாக உண்பதும், பட்டினி கிடப்பதும், மேலும் எடை கூடுவதும் ஆய்வுகளில் காணப்பட்டுள்ளன. சிற்றுயிர்க்கும் இன்னல் செய்யாதிருக்க முயலும் நாம், பெற்ற பிள்ளையின் உள்ளத்தைச் சொல்லால் புண்படுத்தலாமா?

இனி, இல்லத்தில் செய்யத்தக்கவை. பொழுது சாயுமுன் உண்ணும் வழக்கத்தைப் பெரியோர் காக்கின்றனர். பிள்ளைகளோ வகுப்பு முடிந்து 9 மணிக்கு மேல் வயிறு நிறைய உண்டு உடனே படுக்கின்றனர். மாலை உணவை வகுப்புக்குமுன் வீட்டிலேயே அளிக்கலாம். இயலாதபோது இட்லியும் சுண்டலும் கட்டிக் கொடுத்தனுப்பலாம். நோன்பும் நிலைக்கும், உடலும் நலம் பெறும். குறைவாக உண்ணுதல் தவத்தின் ஒரு கூறே எனினும், வளரும் பிள்ளையின் எடையைக் குறைக்க அதனைத் திணித்தல் கூடாது. பருப்பு, பால், கீரை, பழம் ஆகியவை குறையாதிருக்கட்டும். எண்ணெயும் சர்க்கரையுமே குறையட்டும். இம்மாற்றம் ஒரு பிள்ளைக்கு மட்டுமன்றி வீட்டார் அனைவர்க்கும் பொதுவாக அமைதல் வேண்டும்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. சென்ற வாரத்தில் நம் பிள்ளை எத்தனை நாள் 8 மணி நேரம் உறங்கியது?
2. நம் வீட்டில் ஒரு மாதத்திற்குச் செலவாகும் எண்ணெயும் சர்க்கரையும் எவ்வளவு? அதனை ஆள்வீதம் வகுத்துப் பார்த்தோமா?
3. பிள்ளை ஓடி ஆட நாள்தோறும் நாம் ஒதுக்கியுள்ள நேரம் எது?

குடும்பத்தார் ஒருங்கே அமர்ந்து இவற்றிற்கு விடை எழுதுவோமாக. பிள்ளையைத் திருத்துமுன் வீட்டின் கால அட்டவணையைத் திருத்துவோம்.