மலிவு ஹெட்போன்: காதைக் கேட்டு வாங்குங்கள்!

'வெளிச் சத்தமே கேட்காத வயர்லெஸ் ஹெட்போன் வேணும்ப்பா' என்று பிள்ளை நச்சரிக்கிறானா? இப்போது இரண்டாயிரம் ரூபாய் சுமாருக்கே கிடைக்கிறது. வாங்கிக் கொடுங்கள், தப்பில்லை. ஆனால் வால்யூமைக் குறைத்து வைத்துக் கேட்க அது உதவுகிறதா என்பதுதான் முக்கியம்.

ஏன் தெரியுமா? பஸ் இரைச்சலில் பாட்டு காதில் விழாவிட்டால் கை தானாக வால்யூமைக் கூட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பெரியவர்கள் 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம்தான்! உட்காதிலுள்ள நுண்ணிய முடி கொண்ட செல்கள் ஒரு தடவை அழிந்தால் அழிந்ததுதான், திரும்ப முளைக்காது.

இந்தக் கருவி என்ன செய்கிறது? இதிலுள்ள மைக், வெளிச் சத்தத்தைப் பிடிக்கிறது. உடனே அதற்கு நேர் எதிரான ஒலி அலையைக் கருவி உண்டாக்குகிறது. மேட்டு மண் பள்ளத்தை நிரப்புகிற மாதிரி, இரண்டும் சேர்ந்து அடங்கிவிடுகின்றன. பஸ் என்ஜின், ஃபேன் போல ஒரே சீராக உறுமும் சத்தம் நன்றாகக் குறையும். ஹாரன், குக்கர் விசில், பேச்சுக்குரல் அவ்வளவாகக் குறையாது. விலை கூடியதிலும் இப்படித்தான்!

கடையில் இதையெல்லாம் கவனியுங்கள்:

1. அட்டைப் பெட்டியில் 'ஏ.என்.சி.' என்று இருக்கிறதா? 'ஈ.என்.சி.' மட்டும் இருந்தால் ஏமாந்துவிடாதீர்கள். அது போனில் பேசும்போது எதிராளிக்கு உங்கள் குரல் தெளிவாகக் கேட்பதற்கு. உங்கள் காதுக்கு அல்ல.

2. பாட்டுப் போடாமல், ஃபேன் அல்லது ஏ.சி. பக்கத்தில் நின்று அந்த வசதியை ஆன் செய்து, ஆஃப் செய்து பாருங்கள். வித்தியாசமே தெரியவில்லையா? காசு வேஸ்ட். 'உஸ்' என்ற சத்தமோ, காது அடைத்த மாதிரி சங்கடமோ இருந்தாலும் வேண்டாம்.

3. காதுக்குள் வைக்கும் ரகம் என்றால், ரப்பர் முனைகள் இரண்டு மூன்று அளவில் தருகிறார்களா என்று பாருங்கள். சரியாகப் பொருந்தாவிட்டால் இடுக்கு வழியாக இரைச்சல் புகுந்துவிடும்.

4. பேட்டரி எத்தனை மணி நேரம் வரும் என்பதை, ஏ.என்.சி. ஆன் செய்த நிலையில் கேளுங்கள். ஆன் செய்தால் சார்ஜ் சீக்கிரம் தீரும்.

வாங்கிய பிறகும் வால்யூம் 60 சதவிகிதத்தைத் தாண்ட வேண்டாம். ரோட்டைக் கடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் கழற்றிவிடச் சொல்லுங்கள். கழற்றிய பிறகு காதில் 'ஙொய்' என்று ரீங்காரம் கேட்டால், அன்றைக்கு அதோடு போதும். அடிக்கடி அப்படிக் கேட்டால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

ஒரு வாரம் கழித்து, பஸ்ஸில் எவ்வளவு வால்யூம் வைக்கிறான் என்று பாருங்கள். முன்னைவிடக் குறைந்திருந்தால், நீங்கள் கொடுத்த பணம் காதுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது!