பொது இடம் அமைப்போர்க்கு வழித்துணை

நெசவாளர் வாழும் ஊர்களில் பாவடி என்று ஓர் இடம் உண்டு என்பதை நம் அங்கத்தினர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. பாவை நீளப் பரப்பிக் கஞ்சி தோய்த்து, இழை பிரித்து ஆற்றுவதற்கென்று தெருவார் பொதுவில் விட்டுவைத்த வெளி அது. காலையில் அங்கே பாவு ஓடும். மாலையில் குழந்தைகள் ஓடுவர். இரவில் தெருவின் வழக்குகள் பேசித் தீர்க்கப்படும். உழவர்களுக்குக் களம் எப்படியோ, அப்படியே நெசவாளர்க்குப் பாவடி. கஞ்சி போட்ட பாவு ஆயத்தமாகக் கிடைக்கத் தொடங்கிய பின்னர்ப் பல ஊர்களில் பாவு ஆற்றுவது நின்றுபோயிற்று. வெளியின் ஒரு மூலையில் பள்ளிக்கூடமோ மண்டபமோ எழுந்தது. மறு மூலையில் வேலி நகர்ந்தது.

இத்தகைய வெளியையோ, பயனற்றுக் கிடக்கும் ஒரு பழைய கிடங்கையோ மீட்டு, தெருவார் அனைவர்க்கும் உடைமையான ஒரு கூடமாக ஆக்க வேண்டும் என்னும் ஆவல் பல சங்கங்களில் இருப்பதை நாம் காண்கிறோம். ஆவலுக்குக் குறைவில்லை. பொது நன்மை நிதியில் சிறு தொகை சேர்த்து வைத்திருக்கும் சங்கங்களும் உண்டு. குறைவது வேறொன்று: முன்னரே அவ்வழியில் நடந்தவர்களைத் தேடிச் சென்று கேட்கும் வழக்கம். இம்மாதப் பாடத்திற்கு அதனையே எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் நம் குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுவது முறையாகும். நம் சரகத்தில் உள்ள ஒரு நெசவாளர் சங்கம் இத்தகைய கூடம் ஒன்றைக் கட்டத் தொடங்கியது. சுவர் நிலைவாசல் மட்டத்திற்கு எழுந்ததும் வேலை நின்றது. அங்கத்தினர் கொடுத்த பணம் சுவராக நின்றுகொண்டிருந்தது. மூன்று மழைக்காலம் அதன்மேல் பெய்தது. காரணம், நிலம் யார் பெயரில் உள்ளது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் அடித்தளம் தோண்டியதுதான். ஏழு கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஓர் உழவர் சங்கம் அதற்கு முன்னரே இதே பிழையைச் செய்து, அல்லற்பட்டு, ஒருவாறு மீண்டும் இருந்தது. இரு சங்கங்களின் கணக்குகளும் நம் மேசைமேல் அடுத்தடுத்து இருந்தன. ஒன்றில் "நில உரிமை ஆவணம் காணப்படவில்லை" என்று ஆட்சேபம் எழுதினோம். மற்றதிலும் அவ்வாறே எழுதினோம். இருவரையும் ஒரே திண்ணையில் உட்கார வைக்க வேண்டும் என்பது மட்டும் நமக்குத் தோன்றவில்லை. எழுதப்பட்ட ஆட்சேபங்களில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அவற்றால் ஒரு செங்கல்லும் ஏறவில்லை.

நெசவாளர் வரலாற்றிலேயே இதற்குப் பாடம் உண்டு. 1844 டிசம்பர் 21 அன்று இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், டோடு லேன் என்னும் சந்தில், 28 பவுன் முதலுடன் கடை திறந்த முன்னோடிகளுள் கம்பளித் துணி நெய்வோர் பலர் இருந்தனர். ஒரு கிடங்கின் கீழ்த்தளத்தை ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகைக்குப் பிடித்தனர். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் மெழுகுவர்த்தியும் விற்றனர் என்பதை எல்லாக் கூட்டுறவுப் பாடப் புத்தகமும் கூறும். அவ்வளவாகக் கூறப்படாத செய்தி ஒன்று உண்டு. அதே சந்தில் 1830-களில் வேறொரு கூட்டுறவுக் கடை நடந்து, கடன் கொடுத்துக் கொடுத்தே மூடப்பட்டிருந்தது. அதில் கைசுட்டுக்கொண்டவர்களின் அனுபவம் முன்னோடிகளுக்குக் கிட்டியது. ரொக்கத்திற்கே விற்பனை என்னும் அவர்களுடைய புகழ்பெற்ற விதி அந்தச் சூட்டிலிருந்து பிறந்தது. அவர்கள் துணைவிதிகளையும் தாமாக உட்கார்ந்து புதிதாக எழுதவில்லை. மான்செஸ்டரில் இயங்கிய ஒரு நோய்க்கால உதவிச் சங்கத்தின் விதிகளை வாங்கி, தமக்கு வேண்டியவாறு திருத்திக்கொண்டனர். சில ஆண்டுகளில் கட்டடம் முழுவதும் அவர்கள் வசமாயிற்று. கடைக்கு மேலே படிப்பகமும் நூலகமும் அமைந்தன. நம்மவர்கள் "கூடம்" என்று கனவு காண்பது இதைத்தானே?

கேட்டு நடத்தல் ஒரு பாதி. கேட்பவரைத் தேடிச் சென்று துணை நிற்பது மறு பாதி. இதற்கு அயர்லாந்து நாட்டைச் சொல்லலாம். சர் ஹோரஸ் பிளங்கெட் என்பவர் 1889-இல் அங்குள்ள உழவர்களிடையே வெண்ணெய்ப் பண்ணைச் சங்கங்கள் அமைக்கப் புறப்பட்டார். முதற்சங்கம் உருவாகும் முன்னர் ஐம்பது கூட்டங்கள் பேச வேண்டியிருந்தது என்று அவரே பின்னாளில் எழுதி வைத்தார். (இரண்டு கூட்டம் கூட்டிவிட்டு "எங்கள் ஊர் ஜனங்கள் திருந்தமாட்டார்கள்" என்று நம்மிடம் முறையிடும் தலைவர்கள் இதனைக் கவனிப்பார்களாக.) 1894-இல் சங்கங்களுக்கெல்லாம் ஒரு தலைமை அமைப்பு ஏற்பட்டது. அதன் சார்பில் கவிஞர் ஜார்ஜ் ரஸ்ஸல் 1897 முதல் மிதிவண்டியில் ஊர் ஊராகச் சென்று, ரைபீசன் முறைக் கடன் சங்கங்களை அமைக்க ஏழை உழவர்களுக்குத் துணை நின்றார். ஏறத்தாழ அதே காலத்தில், 1895-லும் 1897-லும் சென்னை அரசாங்கத்துக்கு அறிக்கை அளித்த சர் பிரெடெரிக் நிக்கல்சனும் அந்த ஜெர்மானியப் பெரியாரைத்தான் சுட்டிக்காட்டினார். ரைபீசனின் சட்டதிட்டங்கள் மட்டும் போதா, அவரைப் போன்ற மனிதர்களே இந்நாட்டிற்கு வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. பிளங்கெட் 1919-இல் நிறுவிய அறநிலையம் இன்றும் இயங்குகிறது. இங்கிலாந்தின் சிற்றூர்கள் தம் கடையையோ விடுதியையோ பொதுவில் வாங்க முற்படும்போது ஆலோசகரை அனுப்புவது இப்பொழுது அதன் முக்கியப் பணிகளுள் ஒன்று.

அவ்வாறு வாங்கிய ஊர்களில் ஒன்று ஹட்ஸ்வெல். வட யார்க்‌ஷயரில் ஏறத்தாழ முந்நூற்றைம்பது பேரே வாழும் சிற்றூர். அங்கிருந்த ஒரே மதுவிடுதி 2008-இல் மூடப்பட்டது. மதுவிடுதி என்றவுடன் நேயர்கள் முகம் சுளிக்க வேண்டாம். அந்நாட்டுச் சிற்றூர்களில் அது நம் சாவடிக்கும் தேநீர்க் கடைக்கும் நடுவில் உள்ள ஓர் இடம். அது மூடினால் ஊரார் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வேறிடம் இல்லாமற் போகும். ஊரார் சங்கம் அமைத்து, பங்கு திரட்டி, அதை வாங்கி 2010-இல் திறந்தனர். நூலகம், தொண்டர் நடத்தும் சிறு கடை, காய்கறி பயிரிடத் துண்டு நிலங்கள் ஆகியனவும் அதனுடன் சேர்ந்தன. 2016-ஆம் ஆண்டுக்குரிய நாட்டின் சிறந்த விடுதி என்ற சிறப்பும் அதற்குக் கிடைத்தது. இம்முயற்சிக்கும் முன்னோடி இருந்தது: கம்பிரியாவிலுள்ள ஹெஸ்கெட் நியூமார்க்கெட் ஊரார் 2003-லேயே தம் விடுதியைக் கூட்டுறவு உடைமையாக்கி, ஆகக்கூடிய காரியம் என்று காட்டிவிட்டனர்.

லண்டன் மாநகரின் நன்ஹெட் பகுதியில் உள்ள ஐவி ஹவுஸ் இன்னொரு வகை. அங்கே காலம்தான் எதிரி. 2011-ஆம் ஆண்டின் சட்டப்படி, மக்களுக்குப் பயன்படும் ஓர் இடத்தை உள்ளாட்சி மன்றத்தின் பட்டியலில் சேர்க்கலாம். அது விற்பனைக்கு வந்தால், ஊரார் பணம் திரட்ட ஆறு மாதம் தவணை கிடைக்கும். ஆனால் தவணைதான் கிடைக்கும். அச்சட்டத்தின்கீழ் உடையவர் ஊராருக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2012-இல் இப்பட்டியலில் நாட்டிலேயே முதலாவதாக ஏறிய கட்டடம் ஐவி ஹவுஸ். 371 பங்குதாரர்கள் சேர்ந்து 2013-இல் அதை உடைமையாக்கினர். ஆறு மாதத்திற்குள் சங்கம் பதிவாக வேண்டும், மதிப்பீடு வேண்டும், பங்கு அழைப்பு வேண்டும், கடன் வேண்டும். எந்தத் தாள் எந்தத் தாளுக்கு முன்னே போக வேண்டும் என்பதை ஒரு முறை செய்தவர் அரை மணியில் சொல்லிவிடுவார். செய்யாதவர் இரண்டு மாதம் அலைவார்.

உழவர்களுக்கு ஸ்காட்லாந்துச் செய்தி உவப்பளிக்கும். அதன் வடமேற்குக் கோடியில் அசின்ட் என்னும் பகுதியில், தலைமுறை தலைமுறையாகக் குத்தகைக்குச் சிறு நிலம் உழுதவர்கள் 1993-இல் அந்த எஸ்டேட்டையே பொதுவில் வாங்கினர். எய்க் என்னும் தீவின் மக்கள் 1997-இல் தம் தீவை மீட்டனர். 2002-இல் கீகா தீவு. முன்னே சென்றவர் பின்னே வருபவர்க்கு நம்பிக்கையாக இருந்தனர். 2010-இல் இவ்வாறு நிலம் வாங்கிய சமுதாயங்கள் தமக்குள் ஓர் அமைப்பையே ஏற்படுத்திக்கொண்டன. வாங்கும் வரையில் ஊர் ஒன்றாக நிற்கும். வாங்கிய பிறகே வாடகையும் பழுதும் மனக்கசப்பும் தலைகாட்டும். அப்போது செயலாளராக இருப்பவருக்கு உற்ற துணை, இன்னோர் ஊரில் அதே நாற்காலியில் இருப்பவரே அல்லாமல் வேறு யார்?

இனி, துணைகளில் வேற்றுமை தெரிந்துகொள்ள வேண்டும். கட்டணம் பெற்று வரைபடமோ மதிப்பீடோ தருபவர் ஆலோசகர். அவர் வேலை முடிந்ததும் போய்விடுவார். வழித்துணைவர் அப்படியல்லர். அவர் ஓராண்டேனும் கூட வருவார், வேலையைத் தாம் செய்துதர மாட்டார், கேள்வி கேட்பார், தாம் எங்கே இடறினோம் என்பதை மறைக்காமல் சொல்வார். தோழமைத் துணை என்பது இன்னும் வேறு: ஒரே நிலையில் உள்ள இரண்டு மூன்று சங்கங்கள் முறைவைத்துக் கூடித் தத்தம் தொல்லைகளைப் பேசிக்கொள்வது. அங்கே குரு இல்லை, சீடன் இல்லை. கைப்பேசியில் எவரும் எவரோடும் பேசலாம் என்றாகிவிட்ட இக்காலத்தும், ஒருவர் கட்டிய கூடத்தின் ஒழுகும் கூரையை மற்றவர் நேரில் அண்ணாந்து பார்ப்பதற்கு ஈடு இல்லை என்பது நம் கருத்து.

ஆய்வாளரே வழித்துணைவராக இருக்கலாமே என்று சிலர் கேட்பர். இயலாது என்றே நினைக்கிறோம். நாளை உங்கள் ரொக்கக் கையிருப்பை எண்ணப் போகிறவரிடம் இன்று உங்கள் குழப்பத்தை எவ்வாறு திறந்து சொல்வீர்கள்? நாம் நாற்காலியில் அமர்ந்தவுடன் நிர்வாகக் குழுவினர் நோட்டுகளை நேராக அடுக்குவதைப் பல முறை கண்டிருக்கிறோம். இருவரைச் சந்திக்க வைப்பதே நம்மால் ஆகக்கூடியது.

அதைத்தான் தாமதமாகச் செய்தோம். உழவர் சங்கத்தின் முன்னாள் தலைவரை நெசவாளர் சங்கத்திற்கு அழைத்து வந்தோம். அறுபது வயதைக் கடந்தவர். திட்டத் தாளைப் புரட்டிப் பார்த்தார். மதிப்பீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "ஏனுங்க தலைவரே, சாவி யார் கையில் இருக்கும்?" என்றார். ஒருவருக்கும் விடை தெரியவில்லை. "மின்சார இணைப்பு யார் பெயரில்? கழிப்பறை எந்தப் பக்கம்?" என்றார். பின்பு, தம் சங்கம் நில ஆவணத்திற்காக வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எத்தனை நடை நடந்தது, எந்த நடைகள் வீண் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தாம் அவசரப்பட்டுக் கொத்தனாருக்கு முன்பணம் கொடுத்து ஏமாந்ததையும் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பிற்குப் பிறகுதான் நெசவாளர் சங்கச் செயலாளர் வாய் திறந்தார். மூன்றாண்டுகளாகத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியவில்லை என்றார். நம்மிடம் அவர் அதை ஒருநாளும் சொன்னதில்லை.

அன்று கதவருகே நின்றிருந்த பெண் அங்கத்தினர் ஒருவரும் பேசினார். தார் சுற்றும் பெண்களுக்கு நண்பகலில் நிழலும் காற்றும் வேண்டும். திட்டத்தில் உள்ள மேடை எங்களுக்கு எதற்கு என்று கேட்டார். மேடை நீக்கப்பட்டது, வடக்குப் பக்கம் தாழ்வாரம் வந்தது. அதனால் செலவும் குறைந்தது.

இம்முறையை மேற்கொள்ள விரும்பும் சங்கங்கள் இரண்டொரு செய்திகளைக் கருத வேண்டும். வழித்துணைவரின் பேருந்துச் செலவையும் சாப்பாட்டையும் சங்கம் ஏற்பதாக முறையாகத் தீர்மானம் எழுதிவிடுங்கள். இல்லையேல் அவர் மூன்றாம் முறை வரமாட்டார், நீங்களும் கூப்பிடக் கூசுவீர்கள். அவர் பேச்சில் கேட்டவற்றை ஒரு குறிப்பேட்டில் பதிந்து வையுங்கள். குழு மாறினாலும் குறிப்பேடு மாறாது. மற்றொரு சங்கத்தைக் காணச் செல்லும்போது தலைவரும் செயலாளரும் மட்டும் போகாமல், தறிக்காரர் ஒருவரும் பெண் அங்கத்தினர் ஒருவரும் உடன் செல்லட்டும். அங்கே திறப்பு விழாப் புகைப்படங்களைக் காட்டுவார்கள். பார்த்துவிட்டு, சென்ற ஆண்டு கூடம் எத்தனை நாள் பூட்டிக் கிடந்தது, துப்புரவு செய்பவர் யார், அவருக்கு யார் கொடுக்கிறார்கள், சண்டை வந்தபோது யார் பேச்சுக்கு ஊர் கட்டுப்பட்டது என்று கேளுங்கள். கூட்டுறவுச் சங்கங்கள் தமக்குள் ஒத்துழைக்க வேண்டும் என்பதை அகில உலகக் கூட்டுறவு இணையம் 1966-இல் வியன்னாவில் கொள்கையாகவே சேர்த்துக்கொண்டது. ஏழு கிலோமீட்டர் பேருந்துப் பயணமும் அதில் அடங்கும்.

மேற்சொன்ன நெசவாளர் சங்கத்தின் நில ஆவணம் சென்ற ஆண்டு கைக்கு வந்தது. கூரை போட்டாகிவிட்டது. சாவி, தெருவின் இரு முனைகளிலும் உள்ள இரண்டு வீடுகளில் இருக்கிறது. கழிப்பறை வேலை இன்னும் பாதியில் நிற்கிறது. உழவர் சங்கத்துப் பெரியவர் அடுத்த வாரம் வந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.