பெரோவ்ஸ்கைட் சூரியத் தகடு: வாங்குமுன் அறிய வேண்டியது

கடைக் கூரையில் சூரியத் தகடு போட எண்ணும் வணிகர்கள், பெரோவ்ஸ்கைட் என்னும் புதுச் சரக்கைப் பற்றி அறிவது நல்லது.

2009இல் ஜப்பானில் மியாசகா குழுவினர் இதில் மின்கலம் செய்தபோது திறன் 3.8 சதவீதம். இன்று ஆய்வகச் சிறு துண்டுகளில் 25 சதவீதத்துக்கும் மேல். கரைசலைக் கண்ணாடி மேல் மெல்லிய படலமாகப் பூசி உலர்த்துகிறார்கள். அப்போது மேற்பரப்பில் நுண்குறைகள் உண்டாகும். அங்கே மின்சாரம் வீணாகும், ஈரமும் அரிக்கும். அவற்றை அடைக்க இன்னொரு மருந்துப் பூச்சு தேவை.

சிக்கல் அளவில்தான். சாம்பிள் துணியில் சீராக ஏறும் சாயம், முழு லாட்டில் திட்டுத்திட்டாகப் போவதைத் திருப்பூரில் நாம் அறிவோம். அதுபோலவே, பெரிய கண்ணாடி முழுதும் அப்பூச்சு ஒரே கனத்தில் படிவது கடினம்.

ஆகவே இன்று வாங்குவோர், 25 ஆண்டு உற்பத்தி உத்தரவாதத்துடன் வரும் சிலிக்கான் தகட்டையே வாங்கலாம். பெரோவ்ஸ்கைட் விற்க வருபவரிடம், எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை எழுத்தில் கேளுங்கள்.