கைப்பிடிச் சுவர் பிடிக்குமா?

தூண், பீம், தளம் என்று வகுப்பில் நாட்கணக்கில் படிக்கிறோம். கைப்பிடிச் சுவர் மட்டும் 'கடைசியில் வரும் சின்ன வேலை' என்று ஒதுங்கிவிடுகிறது. சிவில் மாணவன் என்ற முறையில் அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சின்னமனூர் பக்கம் மார்க்கையன்கோட்டை. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல் விளைகிற ஊர். நெல், வத்தல், புளி என்று எங்கள் மொட்டைமாடிகள் சும்மா கிடப்பதில்லை. ஆனால் வெளிப்படியில் கைப்பிடி வைப்பது மட்டும் "அப்புறம் பாத்துக்கலாம்" என்று பல வீடுகளில் நின்றுபோகும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். நான் ஏழாவது படிக்கும்போது, வத்தல் தட்டோடு இறங்கிய அப்பத்தா கீழிருந்து ஆறாவது படியில் இடறிப் பக்கவாட்டில் விழுந்தார். நாலடி உயரம்கூட இல்லை. இடுப்பு எலும்பு முறிந்தது. இன்றுவரை துணையில்லாமல் அவரால் நடக்க முடியாது.

போன விடுமுறையில் சித்தப்பா வீட்டு மாடித் தளத்துக்குக் கம்பி கட்டி முடித்திருந்தார்கள். மறுநாள் காங்கிரீட். கைப்பிடிச் சுவர் எப்படி என்று கொத்தனாரிடம் கேட்டேன்.

"நாலரை இஞ்ச் சுவர், ரெண்டேகால் அடி. போதும் தம்பி. எத்தனை வீடு கட்டியிருக்கேன், ஒண்ணாச்சும் விழுந்திருக்கா?"

ஆள் சாயாதவரை விழாதுதான். நான் சிமெண்ட் பைக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

உயரம்: நிற்கும் மனிதனின் புவியீர்ப்பு மையம் ஏறக்குறைய தொப்புள் மட்டத்தில் இருக்கிறது. ஐந்தரை அடி ஆளுக்கு அது சுமார் 92 செ.மீ. ரெண்டேகால் அடி என்பது 68 செ.மீ.தான். தடுமாறினால் அந்தச் சுவர் தடுக்காது, குப்புறத் தள்ளிவிடும். அதனால்தான் 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டிட விதித்தொகுப்பு மாடி ஓரச் சுவருக்குக் குறைந்தது 1 மீட்டர் கேட்கிறது.

பலம்: ஐ.எஸ். 875 பகுதி 2 (1987) கூரை மாடியின் கைப்பிடிச் சுவர் ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.75 கிலோ நியூட்டன், அதாவது ஏறக்குறைய 75 கிலோ, பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்க வேண்டும் என்கிறது. 1 மீட்டர் உயரச் சுவரின் உச்சியில் தள்ளினால் அடியில் கவிழ்க்கும் திருப்புத்திறன் 0.75 கி.நி.மீ. நாலரை இஞ்ச் செங்கல் சுவரின் எடை மீட்டருக்குச் சுமார் 2.3 கி.நி. அதைப் பாதித் தடிமனால், 0.0575 மீட்டரால், பெருக்கினால் எதிர்ப்பு 0.13தான். ஒன்பது இஞ்ச் சுவருக்கே 0.53தான் வருகிறது. மிச்சத்தைத் தாங்குவது அடியில் இருக்கும் கலவையின் ஒட்டு மட்டுமே. வெயிலிலும் மழையிலும் அங்கே விரிசல் கண்டால் அதுவும் போச்சு.

"2019 டிசம்பர் 2-ஆம் தேதி மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் மதில் சாய்ந்து 17 பேர் செத்தாங்களே, ஞாபகம் இருக்காண்ணே? அது மதில், இது மாடிச் சுவர். ஆனா ரெண்டுக்கும் எமன் பக்கவாட்டுத் தள்ளல்தான்" என்றேன்.

கொத்தனார் காகிதத்தையே பார்த்தார். "அப்ப என்னதான் செய்யச் சொல்றே?"

"ஆறடிக்கு ஒரு சின்னத் தூணுக்கு பீம்லயிருந்தே கம்பி எடுத்து விட்டுருங்க. மேலே காங்கிரீட் பட்டை ஓட்டி, தூண்களை இணைச்சிரலாம். நாளைக்குக் காங்கிரீட் போட்டுட்டா அப்புறம் தளத்தைத் துளை போடணும்."

சித்தப்பா செலவை நினைத்துத் தயங்கினார். திண்ணையிலிருந்து அப்பத்தா குரல் கொடுத்தார்: "நான் விழுந்தது போதும்யா. பய சொல்றதைக் கேளு."

அன்று சாயங்காலமே கம்பி நின்றது. இன்று அந்தச் சுவர் மூன்றரை அடி. வெளிப்படிக்கும் கைப்பிடி வந்துவிட்டது. அதற்கு நாங்கள் பார்த்தவை இவை:

1. படியின் மிதியிலிருந்து 90 செ.மீ. முதல் 1 மீட்டர் உயரம். முதல் படியிலிருந்து கடைசிப் படிவரை அறுபடாமல் வர வேண்டும்.

2. கை முழுதும் சுற்றிப் பிடிக்கிற உருண்டைக் குழாய், 38 முதல் 45 மி.மீ. விட்டம். சுவரை ஒட்டி வந்தால் 5 செ.மீ. இடைவெளி.

3. நிற்கும் கம்பிகளுக்கு நடுவே 10 செ.மீ.க்கு மேல் சந்து கூடாது. குழந்தையின் உடம்பு நுழையும், தலை மாட்டும். படுக்கைக் கம்பி வேண்டாம், பிள்ளைகளுக்கு அது ஏணி.

4. குழாயின் அடி காங்கிரீட்டுக்குள் இறங்க வேண்டும். பூச்சில் மட்டும் நட்டால் ஆடிவிடும்.

நண்பர்களே, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு டேப் கொண்டு போங்கள். உங்கள் வீட்டுச் சுவரை அளந்து, அடியில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால், சரி செய்யும்வரை யாரையும் அதில் சாய விடாதீர்கள். எங்கள் வீட்டில் இந்தக் கணக்கைப் போட ஆள் வருவதற்குள் அப்பத்தா விழுந்துவிட்டார். உங்கள் வீட்டில் அதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.