பயிற்சியாளர் இருக்கையிலிருந்து அலுவலகத்துக்கு: இளம் பயிற்சியாளருக்கு ஒரு கடிதம்



பெண்கள் கூடைப்பந்து அணியின் உதவிப் பயிற்சியாளரான உனக்கு, கல்லூரியின் விளையாட்டுத் துறை அலுவலகத்தில் பொறுப்பு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். போகலாமா என்று கேட்டிருக்கிறாய். போ என்றுதான் சொல்வேன். ஆனால் எதற்காகப் போகிறாய் என்பது உனக்குத் தெளிவாக இருக்க வேண்டும். இரவெல்லாம் எதிரணி வீடியோ பார்த்து, வார இறுதிகளில் பள்ளிப் பிள்ளைகளைத் தேடி ஊர் ஊராக அலைந்து அலுத்துவிட்டதால் போகிறாய் என்றால் வேண்டாம். அலுவலகத்திலும் தோல்வி உண்டு. அங்கே தோற்றுப்போனது மாதங்கள் கழித்துத்தான் தெரியவரும்.

2021 மார்ச்சை நினைத்துப் பார். கோவிட் காரணமாக, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏவின் தேசியக் கூடைப்பந்துப் போட்டியில் ஆண்கள் அணிகளை இண்டியானாபொலிஸ் பக்கமும் பெண்கள் அணிகளைச் சான் அன்டோனியோ பக்கமும் தங்க வைத்தார்கள். ஆண்களுக்கு மண்டபம் நிறைய உடற்பயிற்சிச் சாதனங்கள். பெண்களுக்கு ஒரு சின்ன ஸ்டாண்டில் சில டம்பெல்கள், கூடவே யோகா விரிப்புகள். இடம் போதவில்லை என்று சமாதானம் சொன்னார்கள். ஓரிகான் வீராங்கனை செடோனா பிரின்ஸ், பக்கத்திலேயே காலியாகக் கிடந்த இடத்தையும் சேர்த்து வீடியோ எடுத்துப் போட்டார். ஊர் முழுக்கப் பேச்சானதும் ஓரிரு நாளில் சாதனங்கள் வந்து இறங்கின. ஆக, பணமும் இருந்தது, இடமும் இருந்தது. திட்டம் போட்டபோது அடித்துப் பேசிக் கேட்டு வாங்கத்தான் ஆள் இல்லை. ‘மார்ச் மேட்னஸ்’ என்ற பெயரைக்கூட ஆண்கள் போட்டிக்கு மட்டுமே வைத்திருந்தார்கள். 2022இல்தான் அது பெண்களுக்கும் வந்தது. தினமும் ஜிம்மில் நின்ற ஒருத்தி திட்டம் போடும் மேஜையில் இருக்க வேண்டும். நீ போக வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

இன்னொன்றும் உண்டு. கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் டைட்டில் நைன் சட்டம் 1972இல் வந்தபோது, கல்லூரிப் பெண்கள் அணிகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் பெண் பயிற்சியாளர்களிடம்தான் இருந்தன. சட்டத்தால் அணிகளும் சம்பளமும் பெருகின. பயிற்சியாளர் வேலைக்கு ஆண்கள் வந்தார்கள். தனித்தனியாக இயங்கிய ஆண், பெண் விளையாட்டுத் துறைகளை ஒன்றாக்கியபோது தலைமை நாற்காலி பெரும்பாலும் ஆண்களுக்கே போனது. பின்னாளில் பெண்கள் அணிகளில் பெண் பயிற்சியாளர்கள் பாதிக்கும் கீழே வந்துவிட்டார்கள். யாரை வேலைக்கு எடுப்பது என்பதை முடிவு செய்வது அலுவலகம். அதனால் அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை.

பயிற்சியாளராக இருந்து அலுவலகத்துக்குப் போன சி. எம். நியூட்டனின் வாழ்க்கையைப் படி. கறுப்பின மாணவர்கள் உள்ளே வரக்கூடாது என்று 1963இல் ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் வாசலை மறித்து நின்றாரே, அந்த அலபாமா பல்கலைக்கழகத்தில் பின்னாளில் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஆனவர் அவர். 1969இல் வெண்டல் ஹட்சன் என்ற கறுப்பின மாணவனை விளையாட்டு உதவித்தொகை கொடுத்துச் சேர்த்தார். அந்தப் பல்கலைக்கழகத்தில் அதுவே முதல் முறை. 1989இல், விதிமீறல் விசாரணையில் சிக்கி, தலைகுனிந்து நின்ற கென்டக்கி பல்கலைக்கழகம் அவரை விளையாட்டுத் துறை இயக்குநராகக் கூப்பிட்டது. போனதும் நியூயார்க் நிக்ஸ் என்ற தொழில்முறை அணியிலிருந்து ரிக் பிட்டினோவை ஆண்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளராகக் கொண்டுவந்தார். 1996இல் தேசியக் கோப்பை வந்தது. பிட்டினோவிடம் உதவிப் பயிற்சியாளராக இருந்த பெர்னடெட் மேட்டாக்ஸிடம் 1995இல் பெண்கள் அணியை ஒப்படைத்தார். 1997இல் டப்பி ஸ்மித் வந்தார். கென்டக்கி ஆண்கள் அணிக்கு முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் அவர். மறு வருடமே கோப்பை வென்றார். பதினேழு வயதுப் பிள்ளை ஒருத்தி நான்கு வருடத்தில் என்ன ஆவாள் என்று கணிக்கிற கண் உனக்கு இருக்கிறது. நியூட்டன் அலுவலகத்துக்கு எடுத்துப்போனதும் அந்தக் கண்ணைத்தான்.

அதே வழியில் போன பெண்களில் டெபோரா யோ இருக்கிறார். கென்டக்கி, ஓரல் ராபர்ட்ஸ், ஃபுளோரிடா பெண்கள் அணிகளுக்குப் பயிற்சி கொடுத்தவர், பிறகு மேரிலாண்டிலும் வட கரோலைனா ஸ்டேட்டிலும் இயக்குநராக இருந்தார். ஜார்ஜியாவில் ஆடி, அங்கேயே உதவிப் பயிற்சியாளராகவும் இருந்த கார்லா வில்லியம்ஸ் 2017இல் வர்ஜீனியாவின் இயக்குநரானார். அப்போதைய ஐந்து பெரிய கல்லூரிக் கூட்டமைப்புகளில் (கான்பரன்ஸ்) அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் அவர்தான்.

இனி, கஷ்டமான பகுதி. நவம்பரில் வாலிபால் சீசன் முடிவதற்குள் கூடைப்பந்து ஆரம்பித்துவிடும். இருப்பது ஒரே அரங்கம். மாலை நான்கு மணி யாருக்கு? உன் பழைய தலைமைப் பயிற்சியாளர் உனக்குத்தான் முதலில் போன் செய்வார். நம்ம பொண்ணுதானே என்ற உரிமையில் கேட்பார். அந்த ஒரு தடவை நீ வளைந்து கொடுத்தால், அன்று சாயங்காலமே நீச்சல், டென்னிஸ், ஓட்டப் பயிற்சியாளர்கள் எல்லோருக்கும் செய்தி போய்விடும். பிறகு நீ எதைச் சொன்னாலும் கூடைப்பந்துக்காரி சொல்கிறாள் என்றுதான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். உனக்குப் பிடிக்காத விளையாட்டின் ஆட்டங்களுக்கும் போய், கடைசி வரை உட்கார்ந்து பார். அந்தப் பிள்ளைகளின் பெயர் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கணக்கும் சட்டமும் படிக்காமல் போகாதே. 2025 ஜூனில், கல்லூரி வீரர்கள் என்சிஏஏ மீது தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்த பிறகு, பெரிய கல்லூரிகள் தங்கள் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம். 2025–26க்கு உச்சவரம்பு ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர். அதில் பெரும்பங்கை அமெரிக்கன் ஃபுட்பாலும் ஆண்கள் கூடைப்பந்தும் எடுத்துக்கொள்கின்றன. அப்படிப் பணம் கொடுக்காத கல்லூரியிலும் நெருக்கடி வந்தால் முதலில் கை வைப்பது சின்ன அணிகளின் பயணச் செலவில்தான். விமானம் பேருந்தாகும், பேருந்து வேனாகும். அந்தச் செலவுக் கணக்கை வாசிக்கத் தெரியாதவள் கூட்டத்தில் நியாயம் பேசினால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். ஒரு கோடைகாலம் எடுத்துக்கொண்டு, நிதி அலுவலகத்தில் யாரையாவது கேட்டு, வரவு செலவைப் படிக்கக் கற்றுக்கொள்.

பதில் சொல்வதற்கு முன்னால் அவர்களிடம் எல்லா அணிகளின் செலவுக் கணக்கையும் காட்டச் சொல். காட்டினால் சேர்ந்துவிடு. தயங்கினால், அது பெயருக்குத் தரும் பதவி. நன்றி சொல்லி மறுத்துவிட்டு உன் அணியோடேயே இரு.